14 வருட மேனேஜர் ராஜினாமா கொடுத்துவிட்டார், சப்ளையர்களும் அவரோடு போய்விடுவார்களா?

வாசகர் கேள்வி:

திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை நான்கு வருடமாக மகளான நான் நடத்தி வருகிறேன். 40 மெஷின். பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு வாங்குபவருக்காக இங்கே ஆர்டர் கொடுக்கும் இடைநிலை நிறுவனம்) மூலமாக ஜெர்மனிக்குக் குழந்தைகள் டிஷர்ட் போகிறது, மற்ற நாட்களில் காதர்பேட்டை மொத்தச் சந்தைக்கு உள்நாட்டு சரக்கு. நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அமுக்கி எடுப்பது), பிரிண்டிங் வரை எல்லாவற்றையும் அப்பா காலத்திலிருந்து 14 வருடமாக ஒரே அண்ணன்தான் பார்க்கிறார். போன வாரம் ராஜினாமா கொடுத்துவிட்டார். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் 12,000 ரூபாய் அதிகம் தருகிறார்களாம், இன்னும் ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சேதி தெரிந்ததிலிருந்து நூல் ஏஜெண்ட், "கடன் பற்றி அப்புறம் பேசலாம்" என்கிறார். சாயப்பட்டறையில் நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, அவர் கூப்பிட்டால் எடுக்கிறார்கள். சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து அவரை நிறுத்தலாமா? எங்கள் கணக்குப்பிள்ளை, "செட்டில்மெண்டை நிறுத்தி வையுங்கள், போட்டிக் கம்பெனிக்குப் போகமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள்" என்கிறார். கூடவே யூனிட் யூனிட்டாகப் போய் ஃபாலோ-அப் பார்க்கும் பையனும் போய்விடுவான் போலிருக்கிறது. ஷிப்மெண்டுக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

வணக்கம்ங்க.

உங்கள் கேள்விகளில் நடுவில் இருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாரமே காரியம் கெட்டுப்போக வாய்ப்பு அதில்தான் அதிகம். செட்டில்மெண்டை நிறுத்தாதீர்கள். எதையும் எழுதி வாங்காதீர்கள்.

வேலையை விட்டுப் போன பிறகு இன்ன கம்பெனியில் சேரக்கூடாது என்று போடும் ஒப்பந்தம், 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்குக் கட்டுப்பாடு போடலாம், நோட்டீஸ் காலம் கேட்கலாம், உங்கள் காஸ்டிங் ஷீட்டை (அடக்கவிலைக் கணக்கை) வெளியே கொடுக்கக்கூடாது என்று சொல்லலாம், அவ்வளவுதான். சம்பள பாக்கி விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்து போகிறவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணிக்கொடை அதற்கு மேல் தனி. ஐந்து வருடம் தாண்டியவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 26,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 15,000, 14 வருடத்துக்கு 2,10,000 ரூபாய் வருகிறது. எந்தெந்தப் படியெல்லாம் சம்பளக் கணக்கில் சேரும் என்ற விளக்கம் புதிய சட்டத்தில் மாறியிருப்பதால் சரியான தொகையை ஆடிட்டரிடம் போட்டு வாங்கி, அவர் கேட்கும் முன்பே அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வரும் ஒரு மாதத்துக்கு உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது இந்த மனிதரின் நல்ல மனசு. சப்ளையர்கள் எல்லோரும் நீங்கள் அவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். உங்கள் அப்பாவிடம் 14 வருடம் வேலை பார்த்தவரின் செட்டில்மெண்டை மகள் பிடித்து வைத்திருக்கிறார் என்ற பேச்சு டீக்கடைக்கு வந்துவிட்டால், இப்போது "அப்புறம் பேசலாம்" என்று சொல்லும் நூல் ஏஜெண்ட் அந்தப் பேச்சையும் விட்டுவிடுவார். கூடவே இருந்தவருக்கே பணம் வரவில்லை, நமக்கு வருமா என்றுதான் அவர் கணக்குப் போடுவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அவர் செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டு இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். பர்ச்சேஸ் ஆர்டர் போடுவது, டெலிவரி சலான் எழுதுவது, இ-வே பில் (லாரியில் சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி போர்ட்டலில் எடுக்கும் சீட்டு) எடுப்பது, டாலி கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, இதையெல்லாம் உங்கள் ஆபீஸில் இருக்கும் யாரும் பத்து நாளில் பழகிக்கொள்வார்கள், அதில் எனக்குக் கவலையே இல்லை. எங்கும் எழுதப்படாமல் அவர் தலைக்குள் மட்டும் இருப்பவைதான் கவலை. உங்களுடைய 180 கிலோ லாட்டுக்கு (ஒரே தடவையில் சாயம் போடும் துணிக்கு) அந்தப் பட்டறையில் எந்த மெஷின் பொருந்தும், டார்க் நேவியை எந்த மாஸ்டர் போட்டால் முதல் தடவையே ஷேடு (கேட்ட நிறம்) நிற்கும், பாடியையும் கழுத்து ரிப்பையும் ஒரே லாட்டில் போடச் சொல்லி யாரிடம் சொல்ல வேண்டும் (ஆபீஸில் சொன்னால் குறித்துக்கொள்வார்கள், மாஸ்டரிடம் சொன்னால்தான் நடக்கும்), எந்த நிட்டிங் யூனிட்டில் லைக்ரா துணி ஓட்டினால் ஊசிக் கோடு விழாமல் வரும், லூப் லெங்த் (பின்னலில் ஒரு கண்ணிக்குப் போகும் நூல் நீளம்) எவ்வளவு வைத்தால் காம்பாக்டிங் முடிந்த பிறகு பையர் கேட்ட ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) வரும், 100 கிலோ கிரே துணி (சாயம் போடாதது) அனுப்பினால் எத்தனை கிலோ திரும்பி வந்தால் நியாயம், எத்தனைக்குக் கீழே போனால் சண்டை போட வேண்டும், இப்படி நூறு விஷயம் இருக்கும். இதில் ஒன்று தவறினாலும் ஒரு வாரம் போய்விடும். ஏழு வாரத்தில் ஒரு வாரம் போனால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்த பில்லில் ஆர்டரின் லாபம் முழுவதும் கரைந்துவிடும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, நம்பிக்கை. நூல் ஏஜெண்ட் கடன் கொடுத்தது உங்கள் கம்பெனி பெயருக்கு என்று பில் சொல்லும். ஆனால், "நாளைக்குப் பணம் வந்துவிடும், லோடு ஏற்றுங்கள்" என்று போனில் சொன்ன குரலை நம்பித்தான் அவர் லோடு ஏற்றினார். 2021 நவம்பரில் மில்கள் ஒரே அடியாக நூல் விலையைக் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றினார்களே, அந்த மாதிரி மாதங்களில் பழைய விலைக்குக் கொஞ்சம் நூலாவது கிடைத்தது யாருக்கு? ஏஜெண்ட் நான்கு பேரைத் தானாகவே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார், அந்த நான்கு பேருக்கு. பெரிய கம்பெனிகளில் பர்ச்சேஸுக்கு ஒரு டிபார்ட்மெண்டே இருக்கும், ஒருவர் போனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் போனை எடுப்பார். 40 மெஷின் கம்பெனியில் சப்ளை செயின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு மனிதரும் அவருடைய போனும்தான். உங்கள் அப்பா இருந்தவரை அது இரண்டு மனிதராக இருந்தது. அவருக்குப் பிறகு அது ஒன்றாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் சரக்கு நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதனால் இந்த ஒரு மாதத்தை அவர் புது ஆளுக்குப் பாடம் எடுப்பதிலேயே கழித்துவிடாதீர்கள். பாதி நாட்களாவது அவர் உங்களோடு வெளியே இருக்க வேண்டும்.

முதல் வேலை, வெளியே கிடக்கும் உங்கள் சரக்கைக் கணக்கெடுப்பது. நிட்டிங் யூனிட்டில் மீதி நூல் கோன், சாயப்பட்டறையில் போன ஆர்டரின் மிச்ச ரோல், பிரிண்டிங்கில் நிற்கும் கட் பீஸ், காம்பாக்டிங்கில் ரிஜெக்ட் என்று ஒதுக்கிய துணி, இதெல்லாம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது டாலியில் ஒரு மாதிரியும் அவர் ஞாபகத்தில் வேறு மாதிரியும் இருக்கும், அவர் ஞாபகம்தான் அனேகமாகச் சரியாக இருக்கும். அவரையும் ஆபீஸ் பெண் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய் எடை போட்டு, கவுண்ட் (நூலின் தடிமன் எண்), மில் பெயர், லாட் நம்பர் எழுதி, அந்த யூனிட்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். லாட் நம்பரை விட்டுவிடக் கூடாது. அது தெரியாமல் மீதிக் கோனைப் புது நூலோடு சேர்த்து ஓட்டிவிட்டால் துணி சாயம் போட்ட பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஜாப் ஒர்க்குக்கு (வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்யும் வேலைக்கு) அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வராவிட்டால் ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவுப்படி அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள், அதனால் பழைய சலான்கள் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் அவர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இதை ஆரம்பிக்கும் முன் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை, நீங்கள் போன பிறகு ஒரு கோன் குறைந்தாலும் உங்கள் பேரைச் சொல்லக்கூடாது, அதற்காகத்தான்." அவருக்கும் அது பாதுகாப்பு, புரிந்துகொள்வார்.

அடுத்தது போனும் ஓடிபியும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். இ-வே பில் போர்ட்டலுக்கும் ஜிஎஸ்டி போர்ட்டலுக்கும் யாருடைய மொபைல் நம்பர் கொடுத்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். சிறு கம்பெனிகளில் பெரும்பாலும் மேனேஜருடைய சொந்த நம்பர்தான் இருக்கும். அவர் புது வேலையில் மீட்டிங்கில் இருக்கும்போது உங்கள் லாரி ஓடிபிக்காக வாசலில் நிற்கக்கூடாது. கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கி அதில் பிசினஸ் வாட்ஸப் போடுங்கள். பட்டறை மாஸ்டர், நிட்டிங் ஃபிட்டர், ட்ரான்ஸ்போர்ட் புக்கிங், மில் டெஸ்பாட்ச் என்று எல்லாருக்கும் அவரே தன் போனிலிருந்து, "இனி இந்த நம்பர்" என்று ஒரு செய்தி அனுப்பட்டும். அவர் அனுப்பினால் சேமித்துக்கொள்வார்கள், நீங்கள் அனுப்பினால் யாரோ என்று விட்டுவிடுவார்கள். ஷேடு அப்ரூவல், லேப் டிப் (சிறு துணியில் முதலில் போட்டுப் பார்க்கும் சாய மாதிரி) போட்டோ, ரேட் பேசிய செய்தி எல்லாம் அவர் வாட்ஸப்பில்தான் கிடக்கும். முக்கியமான உரையாடல்களை எக்ஸ்போர்ட் செய்து கம்பெனி மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆர்கானிக் காட்டன் ஆர்டர் ஏதாவது செய்கிறீர்கள் என்றால் ட்ரான்சாக்ஷன் சர்டிபிகேட் (சரக்கு ஆர்கானிக் என்று காட்டும் சான்று) யார் லாகினில் போடப்படுகிறது என்றும் பாருங்கள், அது வராவிட்டால் சரக்கு தயாராக இருந்தும் பையர் ஆர்கானிக் என்று ஏற்கமாட்டார்.

இனி சாயப்பட்டறை. உங்கள் ஏழு வாரத்தில் உண்மையான ஆபத்து இங்கேதான். நூல் தட்டினால் பணம் கொடுத்து வாங்கலாம், நிட்டிங்குக்கு ஊரெல்லாம் மெஷின் இருக்கிறது. சாயத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. உங்கள் போனை எடுக்காததற்கு அலட்சியம் மட்டும் காரணமாக இருக்காது. நான்கு வருடத்தில் அந்தப் பட்டறைக்குள் நீங்கள் எத்தனை முறை போயிருக்கிறீர்கள்? போனதில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் போக வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது போங்கள். போவதற்கு முன் அந்தப் பட்டறைக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்த்து, தேதி தாண்டியதை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது, அப்படிக் கொடுக்காத செலவை அந்த வருட வருமானத்தில் கழிக்க முடியாது என்று வருமான வரியிலும் 2023-24 நிதியாண்டிலிருந்து விதி வந்துவிட்டது. உங்கள் ஜாப் ஒர்க்காரர்கள் பலர் அந்த வரம்புக்குள் வருபவர்கள்தான். ஆனால் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஆள் மாறும் சமயத்தில் பழைய பாக்கி நின்றால், புது ஆள் வந்து "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் எல்லா சப்ளையருக்கும் வரும், அந்தப் பயத்தில்தான் உங்கள் லாட்டைத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஒருவருடையதை மெஷினில் ஏற்றுவார்கள்.

முதல் தடவை அண்ணனோடு போங்கள். அங்கே ஒன்று நடக்கும், தயாராக இருங்கள்: கேள்வியை நீங்கள் கேட்பீர்கள், பதிலை அவரைப் பார்த்துச் சொல்வார்கள். இதைப் பல பெண் முதலாளிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், கோபம் வருவது நியாயம்தான். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "நீங்கள் அறிமுகம் செய்துவிட்டு வெளியே போன் பேசப் போய்விடுங்கள்" என்று. மாஸ்டரைப் பாருங்கள், ஓனரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அடுத்த வாரம் தனியாகப் போங்கள், உங்கள் ஷேடு கார்டை எடுத்துக்கொண்டு, உங்கள் லாட் மெஷினிலிருந்து இறங்கும் நாளில். இரண்டு லாட் இறங்கும்போது கூட நின்றீர்கள் என்றால் அப்புறம் போனை எடுப்பார்கள்.

இரண்டாவது பட்டறை ஒன்று வேண்டும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டபோது உங்கள் அப்பா என்ன செய்தார் என்று அந்த அண்ணனிடம் கேளுங்கள், அவர் சேர்ந்த சமயத்தை ஒட்டி நடந்திருக்கும். வெளியூர்ப் பட்டறைகளுக்குத் துணியைக் கொண்டுபோன கம்பெனிகள் எத்தனையோ. முன்பே பழக்கம் இருந்தவர்களுக்கு அங்கே மெஷின் கிடைத்தது, அந்த நேரத்தில் புதிதாகப் போய் நின்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அவசரத்தில் தேடும் பட்டறை உங்களை நடத்தும் விதமே வேறு. அதனால் இப்போதே உங்கள் வழக்கமான நான்கைந்து ஷேடுகளை இன்னொரு பட்டறையில் லேப் டிப் போட்டு வாங்கி வைத்து, உள்நாட்டு சரக்கில் மாதம் ஒரு லாட்டாவது அங்கே கொடுங்கள். பையர் அனுமதித்த பட்டறைப் பட்டியல் இருந்தால் அதற்குள்ளேயே தேடுங்கள். ரேட் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரலாம், கொடுக்கலாம், ஒரு தடவை விமானத்தில் சரக்கு அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இந்த ஜெர்மனி ஆர்டரைப் புதுப் பட்டறையில் போட்டுப் பார்க்க வேண்டாம், அது பழைய இடத்திலேயே முடியட்டும்.

நூல் ஏஜெண்ட் விஷயம் இதைவிட எளிது. நேரில் பாருங்கள், அண்ணனோடு. கடன் நாளைக் குறைக்கச் சொன்னால் ஒரு இரண்டு மாதத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள், 45 நாள் என்பதை 20 நாள் என்றால்கூடப் பரவாயில்லை, ஆனால் சொன்ன தேதிக்கு முதல் நாளே பணம் போக வேண்டும். இரண்டு மாதம் அப்படிப் போனால் அவரே பழைய கெடுவுக்கு வந்துவிடுவார், விற்க வேண்டிய கட்டாயம் அவருக்கும் இருக்கிறது. அதற்குக் கையில் பணம் வேண்டுமே என்பீர்கள். நீங்கள் அதிகம் ஓட்டும் ஒரு கவுண்டில் மட்டும் 2,000 கிலோ கையிருப்பு வைப்பதாக எடுத்துக்கொள்வோம், கிலோ 280 ரூபாய் என்று போட்டால் 5,60,000 ரூபாய் முடங்கும். பாங்க் ஓவர்டிராஃப்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், அவர் போன பிறகு ஏதாவது ஒரு லோடு தாமதமாகும், நிட்டிங் நிற்காமல் இருக்க அந்த இருப்பு உதவும். எல்லா கவுண்டிலும் வாங்கி அடுக்கத் தேவையில்லை.

பையிங் ஹவுஸுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு யார் மூலமாவது கேள்விப்படும் முன். அழுது புலம்பும் மெயில் வேண்டாம். இன்ன தேதியிலிருந்து துணி சம்பந்தமாக இன்னாரைக் கேட்கலாம், ஷிப்மெண்ட் தேதியில் மாற்றம் இல்லை, சாய வேலை முடியும் தேதி இது என்று நான்கு வரி போதும். அடுத்த இரண்டு மாதத்துக்குப் புதுத் துணி எதையும் ஏற்காதீர்கள், இதில் நான் கறாராகவே சொல்கிறேன். ஏற்கெனவே ஓட்டிய சிங்கிள் ஜெர்சி, ரிப், இதே ஜிஎஸ்எம், இதே ஷேடுகள் என்றால் எடுங்கள். மெலாஞ்ச் (கலப்பு நிற நூல் துணி), யார்ன் டை ஸ்ட்ரைப் (முதலிலேயே சாயம் போட்ட நூலில் ஓட்டும் கோடு துணி), புது லைக்ரா குவாலிட்டி என்று வந்தால் ரேட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பழைய துணியில் தப்பு நடந்தால் திருத்த உங்களிடம் பழைய குறிப்பு இருக்கும்.

இப்போது சம்பளத்தை ஏற்றி அவரை நிறுத்தலாமா என்ற கேள்வி. ஒரு தடவை கேளுங்கள், நேராக, "அண்ணா, பணம் மட்டும்தான் காரணமா?" என்று. பணம் மட்டும்தான் என்று அவர் சொல்லி, உங்களால் முடியும் என்றால் கொடுங்கள், 14 வருட ஆளுக்கு 12,000 ரூபாய் பெரிய தொகை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது மட்டும் காரணமாக இருக்காது என்பது என் கணிப்பு. நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் ஒரே ஆள் என்றால் ராத்திரி 11 மணிக்குப் பட்டறையிலிருந்து வரும் போனும் அவருக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை லோடு ஏற்றும் போனும் அவருக்குத்தான். பெரிய கம்பெனியில் அவர் சாயம் மட்டும் பார்ப்பார், ஆறு மணிக்கு மேல் வேறு ஒருவர் பார்ப்பார். அவர் அந்தத் தூக்கத்துக்காகப் போகிறார் என்றால் சம்பளத்தை ஏற்றி நிறுத்தினாலும் ஒரு வருடத்தில் மறுபடி கடிதம் வரும், அந்த ஒரு வருடமும் நீங்கள் முன்பைவிட அவரையே அதிகம் நம்பியிருப்பீர்கள். வாழ்த்தி அனுப்புங்கள். போன பிறகு மூன்று மாதம் வாரம் ஒருமுறை போனில் சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன், அதற்கு மாதம் இவ்வளவு தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், புதுக் கம்பெனிக்குத் தெரிந்தே நடக்கட்டும். பலர் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செய்வார்கள், நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

அவருடைய இடத்துக்கு அவரைப் போலவே ஒருவரைத் தேடாதீர்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் இன்னும் சில வருடத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். வேலையை இரண்டாகப் பிரியுங்கள். நூலும் நிட்டிங்கும் ஒருவரிடம், சாயத்திலிருந்து பிரிண்டிங் வரை இன்னொருவரிடம், மாதம் ஒரு வாரம் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்ளட்டும். ஒவ்வொரு சப்ளையருக்கும் உங்கள் கம்பெனியில் இரண்டு முகம் தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒன்று எப்போதும் நீங்கள். இரண்டு பேருக்குச் சம்பளம் கட்டுமா என்று கேட்பீர்கள். இரண்டு பேரும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. உங்கள் ஆபீஸில் டாலி பார்க்கும் பெண்ணோ மெர்ச்சண்டைசிங்கில் (ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவில்) உதவிக்கு இருக்கும் பெண்ணோ இருப்பார், சலான் எல்லாம் அவர் கைவழியாகப் போவதால் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பட்டறைக்குப் பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று யாராவது சொல்வார்கள். பகல் நேரத்தில், கம்பெனி வண்டியில், முதல் சில தடவை உங்களோடு அனுப்புங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் தடையாக வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குறிப்பு எழுதும் வேலையையும் அந்தப் பெண்ணிடமே கொடுங்கள், அண்ணன் சொல்லச் சொல்ல. தடியான மேனுவல் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு துணிக்கும் ஒரு பக்கம்: எந்த மில் நூல், எந்த யூனிட், என்ன டையா (மெஷின் விட்டம்), லூப் லெங்த், எந்தப் பட்டறை, எத்தனை கிலோ லாட், போன தடவை என்ன தப்பு நடந்தது, யாரைக் கூப்பிட வேண்டும். அதோடு ஒரு மாதிரித் துணித் துண்டு ஒட்டியிருக்கட்டும். கடைசிப் பத்து நாள் அண்ணன் ஆபீஸில் உட்கார்ந்திருக்க, போனெல்லாம் புது ஆட்கள் பேசட்டும், சிக்கினால் மட்டும் அவரைக் கேட்கட்டும். அவர் இருக்கும்போதே நான்கு தப்பு நடந்துவிடுவது நல்லது.

ஃபாலோ-அப் பையன் விஷயத்தை நீங்கள் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், நான் அதை இன்றைக்கே செய்ய வேண்டிய வேலையாகப் பார்க்கிறேன். ஒருவர் போகும்போது அடுத்தவரும் போவது சகஜம், அதுவும் தன்னை வேலைக்குப் பழக்கியவர் கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வான்? வெயிலில் டூவீலரில் அலைந்து ஒவ்வொரு யூனிட் வாசலிலும் நிற்பவன் அவன்தான், மாஸ்டர்களுக்கு உங்களைவிட அவனைத்தான் தெரியும். இந்த மாற்றத்தில் அண்ணனுக்கு அடுத்து உங்களுக்கு முக்கியமான ஆள் அவன். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். நிட்டிங் பக்கப் பொறுப்பு அவனுக்கு வரலாம், சம்பளம் இவ்வளவு ஏறும், இந்தத் தேதியிலிருந்து என்று தெளிவாகச் சொல்லுங்கள், "பார்க்கலாம்" என்ற வார்த்தையே வேண்டாம். பெட்ரோல் பணம் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள், இந்த வேலையில் இருக்கும் பையன்களுக்குப் பெரும்பாலும் அது இரண்டு மாதம் நிலுவையில் நிற்கும். இருந்தால் பேசி முடித்து அவன் எழுந்து போகும் முன் கொடுத்துவிடுங்கள்.